முக்கால் அங்குல மாமனார்

பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். அடுத்த முறை உண்மையைச் சொல்லிப் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையாவது அவர்களுக்கு இருக்கிறது. நான் உண்மையால் மாட்டிக்கொண்டவள். அதுவும் வாய் தவறிச் சொன்ன உண்மை இல்லை. வெட்டி, ஒட்டி, வண்ணம் அடித்து, காயவைத்து, பஸ்ஸில் மடியில் சுமந்துகொண்டு போய், நான் மருமகளாகப் போக வேண்டிய வீட்டின் நடுக்கூடத்தில் என் கையாலேயே இறக்கிவைத்த உண்மை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கட்டட வடிவமைப்பாளரின் அலுவலகத்தில் மாடல் செய்யும் வேலை. கட்டப்போகும் அடுக்குமாடியை அட்டையிலும் அக்ரிலிக்கிலும் சின்னதாகச் செய்து வாடிக்கையாளர் முன்னால் வைப்போம். அதில் எல்லாமே பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். சுவரில் கறை கிடையாது, கொடியில் துணி கிடையாது, வாசலில் ஒரு ஜோடிச் செருப்புக் கிடையாது. மனிதர்கள் குடியிருப்பார்கள் என்ற சந்தேகமே வராமல் செய்தால் அது நல்ல மாடல். நாள் முழுக்க இதையே செய்கிற கை, வீட்டுக்கு வந்தால் அழுக்குக்கு ஏங்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்காக ரயில்வே கட்டடங்கள் செய்துகொண்டிருந்தேன். கேட் கீப்பர் அறை, கூட்ஸ் ஷெட், தண்ணீர்த் தொட்டி என்று. நிஜத்தில் எண்பத்தேழு அடி இருப்பது என் மேஜையில் ஒரு அடி. ரயில் மட்டும் கிடையாது. ரயிலைவிட, அது வந்து நிற்கிற இடத்தின் மேல்தான் எனக்கு மோகம்.

இந்தக் கலைக்குத் தேவையான பொருள் எல்லாம் உக்கடத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே கிடைத்தது. டீத்தூள்தான் மண். ரவைக்குச் சாம்பல் நிறம் அடித்தால் தண்டவாளத்துச் சல்லி. பாத்திரம் தேய்க்கும் நாரைப் பிய்த்துப் பச்சை அடித்தால் புதர். வடிகட்டியின் வலையை வெட்டினால் வேலி. (அம்மா புது வடிகட்டி வாங்கிவந்த அன்றே எனக்கும் ஒரு வேலி தேவைப்படும். என்ன செய்வது?)

"ஏனம்மிணி, இந்த ஊட்டுல டீத்தூள் வாங்கறது குடிக்கறதுக்கா, இல்ல உன்ற ஸ்டேஷனுக்குக் கொட்டறதுக்கா?" என்று அம்மா மாதம் ஒருமுறை கேட்பாள். கலைஞர்கள் இதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை என்று நினைத்துக்கொள்வேன். அந்த வயதில் என்னைப் பற்றி எனக்கு அப்படி ஓர் அபிப்பிராயம்.

பிரபு என்னோடு வேலை பார்த்தவன். நாங்கள் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவு செய்துவிட்டோம். ஆனால் எங்கள் இரண்டு வீட்டுக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. எங்கள் வீட்டில் அழுது, பட்டினி கிடந்து (மூன்று வேளை, நடுவில் ஒரு தேங்காய் பன்) சம்மதம் வாங்கிவிட்டேன். பொள்ளாச்சியில் அவன் வீட்டில், அம்மா தங்கமணி பாதிச் சம்மதம். அப்பா சுப்பிரமணியம்தான் பிடி கொடுக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். பச்சைக் கொடி அவர் கையில். காட்ட மாட்டேன் என்று நின்றார். கடைசியில், "புள்ளைய ஒருக்கா ஊட்டுக்கு வரச் சொல்லு. பாத்துப்போட்டுச் சொல்றேன்" என்றாராம்.

வெறுங்கையோடு எப்படிப் போவது? மல்லிகைப்பூவும் மைசூர்பாகும் எந்தப் பெண்ணும் கொண்டுபோவாள். நான் அவருக்கு ஒரு ரயில்வே ஸ்டேஷனே கொண்டுபோவது என்று தீர்மானித்தேன். பொள்ளாச்சிப் பக்கம் மீட்டர் கேஜ் பாதையில் அவர் பதினோரு வருடம் வேலை பார்த்த சின்ன ஸ்டேஷன். (பெயரைச் சொல்ல மாட்டேன். மாமா இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறார்.) பாதையை அகலமாக்குவதற்காகக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அவர்கள் வீட்டு அலமாரியில் அதன் படம் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. பிரபு அதை ரகசியமாக எடுத்துவந்து கொடுத்தான். முன்பக்கம் மட்டும்தான் தெரிந்தது.

"இது போதும் நளினி. பில்டிங் மட்டும் பண்ணு. ஆளெல்லாம் வேண்டாம்" என்றான்.

"ஆளில்லாத ஸ்டேஷன் செத்த ஸ்டேஷன்" என்றேன் நான். அன்று அவன் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

பின்பக்கம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள, அங்கே பாயிண்ட்ஸ்மேனாக இருந்த ராசு என்பவரைத் தேடி ஆனைமலைக்குப் போனேன். தண்டவாளத்தை மாற்றிவிடுவது, சிக்னல் பார்ப்பது எல்லாம் அவர் வேலையாக இருந்தது. என்னை உட்காரவைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மொத்த ஸ்டேஷனையும் சொன்னார். டிக்கெட் ஜன்னலில் இடமிருந்து மூன்றாவது கம்பி வளைந்திருக்கும். தீயணைக்கும் மணல் வாளி நான்கில் ஒன்றில் மணலுக்குப் பதில் துளசிச் செடி. ஓட்டில் ஒரு மூலையில் மட்டும் புது ஓடு. ஒரு மாடல்காரிக்கு இதைவிடப் புதையல் வேறென்ன?

"மத்தியானத்துல சார் எங்கீங்க உக்காந்து சாப்புடுவாரு?" என்று கேட்டேன்.

ராசண்ணன் சிரித்தார். "சாரு எங்கீங்க ஸ்டேஷன்ல சாப்புட்டாரு? சாப்புட்டது நானுங்க. சாரு ஊட்டு அம்மா குடுத்துவுடற கேரியர் எனக்கு. புளியமரத்தடியில உக்காந்து திம்பேன். சாரு எதுத்தாப்புல கடையில புரோட்டா. பதினோரு வருசமுங்க, ஒரு நாள் தப்பாது."

"கேரியர் எப்படி இருக்குமுங்க?"

"நாலடுக்கு. புடி சுடுமல்லோ, அதுக்குச் செவப்புச் சேலைத் துணி சுத்தியிருப்பாங்க."

நோட்டில் எழுதி, 'சிவப்புத் துணி' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். கொஞ்சமாவது உறைத்ததா என்றால் இல்லை. உயிரோட்டம், உயிரோட்டம் என்று உள்ளே ஒரே சங்கீதம்.

அடுத்த ஒன்றரை மாதம் விடியற்காலையில் எழுந்து அலுவலகம் போகும் வரை ஸ்டேஷன் வேலை. நெளிவு அட்டையை நகம் அளவுக்கு நறுக்கி ஓடு. செம்புக் கம்பியை முறுக்கிப் புளியமரம். மூன்றாவது கம்பியைக் குண்டூசி முனையால் வளைத்தேன். ஈயக் கம்பியில் ஒரு துணுக்கு வெட்டி, பிளேடால் மூன்று கோடு கீறினால் நாலடுக்குக் கேரியர், மிளகைவிடச் சின்னது. அதன் பிடியில் சிவப்பு நூலின் ஒரு இழையைப் பிரித்துச் சுற்ற மூன்று நாள் ஆனது. மாமாவை முக்கால் அங்குல உயரத்தில் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கடை பெஞ்சில் உட்காரவைத்தேன். அவர் முன்னால் இலை. இலையில் கோதுமைத் தவிடு இரண்டு துகள். அதுதான் புரோட்டா.

அந்த ஞாயிற்றுக்கிழமை உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி, கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெரியம்மா எட்டிப்பார்த்து, "கோயிலுங்களா கண்ணு?" என்று கேட்டார்.

"ரயில்வே ஸ்டேஷனுங்க."

"அடக் கெரகமே! ரயில்வே ஸ்டேஷனே பஸ்ஸுல போகுது பாரு" என்று முன்சீட்டுக்காரரிடம் சொன்னார். இறங்குகிற வரை என் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

பிரபு வீட்டில் மாமா இருந்தார். அவருடைய அக்காவும் வந்திருந்தார். அந்த வீட்டில் எந்த நல்ல காரியத்துக்கும் அந்த அக்காவின் சொல் வேண்டும். தங்கமணி அத்தை என்னைச் சமையலறைக்குள் அழைத்துப்போய் அரிசிம்பருப்புச் சோறும் கொள்ளுப்பருப்பும் காட்டினார். "உங்க மாமாவுக்கு வெளிச்சோறே ஒத்துக்காது கண்ணு. சர்வீஸ் பூரா என்ற கேரியர்தான். வெடியால எந்திரிச்சு ஆக்கிக் குடுத்துவுடுவேன்" என்றார். அலமாரி மேல் நாலடுக்குக் கேரியர் கவிழ்த்திவைத்திருந்தது. பிடியில் சாயம் போன சிவப்புத் துணி. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். 'அட, நிறம் சரியாகத்தான் வந்திருக்கிறது' என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

கூடத்தில் பெட்டியை இறக்கிவைத்து, மேலே போர்த்தியிருந்த துணியை விலக்கியதும் மாமா எழுந்து நின்றுவிட்டார். பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துவந்து தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"இந்தக் கம்பி... அடேயப்பா, வளஞ்சிருக்குதே! துளசிகூட இருக்குது! அக்கா, இங்க வந்து பாரு. இதுதான் என்ற ரூம்பு. இந்த ஜன்னலோரம்தான் போனு."

கண் ஓரத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பச்சைக் கொடி ஏறக்குறைய அசைந்துவிட்டது. பிரபு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். அதோடு மூடி எடுத்து ஓரமாக வைத்திருக்க வேண்டும். நானோ, "அத்தை, நீங்களும் பாருங்க" என்று பூதக்கண்ணாடியை வாங்கி அவர் கையில் கொடுத்தேன்.

அத்தை நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "இதாரு கண்ணு, மரத்தடியில?"

"ராசண்ணனுங்க அத்தை."

"கையில என்ன வெச்சிருக்காரு?"

"கேரியருங்க. நாலடுக்கு. புடியில செவப்புத் துணிகூடச் சுத்தியிருக்கேன், நல்லாப் பாருங்க."

பிரபு என் காலை மிதித்தான். அசந்துபோய் மிதிக்கிறான் என்று நினைத்தேன்.

அத்தை நிமிர்ந்து சமையலறை அலமாரியைப் பார்த்தார். திரும்பவும் குனிந்தார். "இது என்ற கேரியரல்லோ?"

"ஆமாங்க அத்தை!" என்றேன், பரிசு வாங்கப்போகிற குழந்தை மாதிரி.

"என்ற கேரியர் ராசு கையில இருந்தா, உங்க மாமா எதையச் சாப்புடறாரு?"

"நேரமாச்சு, இலையப் போடலாமே" என்றார் மாமா. அந்தக் குரலில் இருந்த பதற்றம் தெருவில் போகிறவனுக்குக்கூடப் புரிந்திருக்கும். நான் விரலை நீட்டி, "இங்கீங்க அத்தை, எதுத்த கடையில. முன்னால இலை தெரியுதுங்களா? ரெண்டு புரோட்டா. சால்னாக் கிண்ணம் தனியா வெச்சிருக்கேன்" என்றேன்.

அத்தை பூதக்கண்ணாடியைக் கடைப் பக்கம் நகர்த்தினார்.

"தங்கம், நான் டூட்டியிலதான் இருந்தேன்" என்றார் மாமா.

"கண்ணாடியில நல்லாத் தெரியுதுங்க. சால்னாவோட டூட்டி."

"ஏன்டா சுப்பு, பதினோரு வருசமாடா?" என்றார் மாமாவின் அக்கா. எத்தனை வருடம் என்பதை நான் சற்று முன்புதான் அவரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

அத்தை உள்ளே போனார். அடுப்பு அணைகிற சத்தம் கேட்டது. கொள்ளுப்பருப்புச் சட்டியை மூடிவைத்துவிட்டு வந்து, "இன்னைக்கு எல்லாரும் கடையில வாங்கிச் சாப்புட்டுக்குங்க. இந்த ஊட்டுக்கு அதுதான் ஒத்துக்குது" என்று சொல்லிப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாமா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அம்மிணி, வெயிலுக்கு முன்னாடி பஸ்ஸப் புடிச்சுக்க." அப்போது மணி மதியம் ஒன்றேகால்.

பஸ்ஸில் வெறும் மடியோடு திரும்பி வந்தேன். கிணத்துக்கடவு வரை அழுகை. அதற்குப் பிறகு பசி. பிரபுவை இனி அலுவலகத்தில் எப்படிப் பார்ப்பது என்று யோசிக்க யோசிக்க, எனக்கு நானே ஒரு முட்டாளை எண்பத்தேழில் ஒன்றாகச் செய்து மேஜையில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. முழு அளவிலேயே இருக்கும்போது அது எதற்கு?

அந்த வாரம் முழுக்க பிரபு கொண்டுவந்த செய்திகள் எல்லாமே மோசம். அம்மா அப்பாவோடு பேசுவதில்லை. அப்பா மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிட்டு வயிறு கெட்டுக் கிடக்கிறார். "மாடல் என்னாச்சு?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"கூடத்துலயேதான் இருக்கு. அம்மா தினமும் லென்ஸ் வெச்சுப் பாக்கறாங்க. இன்னும் என்னென்ன இருக்குதுன்னு."

அடுத்த ஞாயிறு காலை எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தங்கமணி அத்தை தனியாக இறங்கினார். கையில் ஒரு ஒயர் கூடை. என் அம்மா பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். அத்தை குடித்துவிட்டு, "ஏனுங்க, உங்க புள்ளைய ஒரு நாளைக்கு என்னோட அனுப்புங்க. அம்மிணி, என்னைய அந்த ராசு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

ஆனைமலையில் இறங்கியதும் முதலில் மாசாணியம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். தங்களுக்கு அநியாயம் செய்தவர்களை அம்மன் கேட்கட்டும் என்று மிளகாய் அரைத்துப் பூசுகிற கோயில் அது. அத்தை கும்பிட்டுவிட்டு அரைக்கும் கல் பக்கம் திரும்பாமலே வெளியே வந்தார்.

"யாருக்கும் அரைக்கலீங்களா அத்தை?" என்றேன் மெதுவாக.

"ராசுவப் பாத்துப்போட்டு யாருக்குன்னு முடிவு பண்ணிக்கலாம்."

ராசண்ணன் எங்களைப் பார்த்ததும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு எழுந்தார். அத்தை ஒரு வார்த்தை பேசாமல் ஒயர் கூடையிலிருந்து கேரியரை எடுத்துத் திண்ணையில் வைத்தார். ராசண்ணன் முகம் வெளிறிவிட்டது.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார் அத்தை. அவ்வளவுதான் கேட்டார்.

ராசண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். 'நீயும் ஒரு பொண்ணா' என்கிற பார்வை. பிறகு சொல்ல ஆரம்பித்தார். "என்ற சம்சாரம் பிரசவத்துக்கு ஆசுபத்திரியில இருந்துச்சுங்க. ரெண்டு நாளா வெறும் டீதான் நானு. சாரு பாத்துப்போட்டு, 'நீ இதையச் சாப்புடு'ன்னு கேரியரத் தள்ளுனாரு."

"சம்சாரம் எப்ப வந்துச்சு?"

"ஒரு மாசத்துல வந்துருச்சுங்க."

"பொறவு?"

ராசண்ணன் தலையைச் சொறிந்தார். "அதுக்குள்ள சாருக்குப் புரோட்டா புடிச்சுப்போச்சு, எனக்கு உங்க கொள்ளுப்பருப்பு புடிச்சுப்போச்சுங்க. ரெண்டு பேரும் அதையப் பத்திப் பேசிக்கவே இல்லீங்க."

அதற்கு மேல் அவரை நிறுத்த முடியவில்லை. செவ்வாய்க்கிழமை பச்சைப்பயறு கடைசல், மழைநாளில் மிளகு ரசம், நோம்பிக்கு மறுநாள் வெல்லக் கச்சாயம். எந்த அடுக்கில் எது வரும் என்று பதினோரு வருடத்தையும் ஒப்பித்தார். "ஒரே ஒரு நாளு கொள்ளுப்பருப்புல உப்பில்லீங்க. சாருகிட்டச் சொன்னேன். ஊட்டுல வந்து சொன்னாருங்களா?"

அத்தை வாயில் கை வைத்துக்கொண்டார். "என்ற சமையலப் பத்தி அவரு வாயத் தொறந்து சொன்னது அந்த ஒண்ணே ஒண்ணுதான். அதுவும் நீ சொன்னதா?"

சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. அது எப்போது அழுகையானது, எப்போது திரும்பச் சிரிப்பானது என்று எனக்குத் தெரியவில்லை. "ஒரு மாசம் தருமம், மிச்சமெல்லாம் புரோட்டா" என்று சொல்லிக்கொண்டே கேரியரைப் பிரித்தார். நான்கு அடுக்கிலும் சாப்பாடு இருந்தது. ராசண்ணன் எங்கள் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். அத்தை விசிறி எடுத்து விசிறிக்கொண்டு, அவர் ஒவ்வொரு கவளத்துக்கும் தலையாட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அத்தை, தென்னந்தோப்புகளைப் பார்த்தபடியே சொன்னார்: "என்ற ஊட்டுல ரெண்டு ஆம்பளைங்க. எதைய வெச்சாலும் 'ம்'முன்னு திம்பாங்க, எந்திரிச்சுப் போயிருவாங்க. நீ வா கண்ணு. அங்க உத்துப் பாக்கறதுக்கு ஒரு ஆளு வேணும்."

மாமா சம்மதித்தார். சம்மதிக்காமல் வீட்டில் சோறு கிடைக்காது என்ற நிலை. ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: மாடலிலிருந்து அந்தக் கடையை எடுத்துவிட வேண்டும். "கடையும் இருக்கட்டும், கல்யாணமும் நடக்கட்டும்" என்றார் அத்தை. வைகாசியில் கல்யாணம். முதல் பந்தியில் முதல் இலை ராசண்ணனுக்கு. அத்தையே பரிமாறினார். பக்கத்து இலையில் மாமாவை உட்காரவைத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிட்டு முடித்தார்கள்.

மாமா என்னோடு சரியாகப் பேச நான்கு மாதம் ஆனது. ஒரு சாயங்காலம் அவர் மாடலுக்கு முன்னால் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். அன்று பழைய ஸ்டேஷன் இருந்த இடத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார். அங்கே எது எங்கே இருந்தது என்று அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லையாம். புளியமரமும் இல்லை, கடையும் இல்லை. என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, எல்லாஞ் சரியா இருக்குது. ஒண்ணு மட்டும் தப்பு."

"என்னங்க மாமா?"

சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "புரோட்டாவுல ஓரம் லேசாக் கருகியிருக்கோணும்."

ஊதுபத்தி முனையால் தவிட்டுத் துகளைத் தொட்டுக் கருக்கிக் கொடுத்தேன். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப சரி" என்றார்.

மாமா அன்று கூடத்தில் சொன்ன சாக்கை வைத்து, எங்கள் குடும்பத்தில் வெளியே சாப்பிடுவதற்கு 'டூட்டி' என்று பெயர். "எனக்கு ராத்திரிக்குச் சோறு வேண்டாம், டூட்டி முடிஞ்சுருச்சு" என்று பிரபு போனில் சொல்வான். என் மகளுக்கு அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருப்பதே ரொம்ப நாள் தெரியாது. பள்ளியில் டீச்சர், "அப்பா எங்கே?" என்று கேட்டதற்கு, "டூட்டிக்குப் போயிருக்காருங்க மிஸ், சால்னா ஊத்திக்குவாரு" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அன்றைக்குக் கூடத்தில் சொன்னதோடு சரி, அதற்குப் பிறகு அத்தை மட்டும் அந்த வார்த்தையை வாயால் சொன்னதே கிடையாது. நாங்கள் சொல்லும்போதெல்லாம் மாமாவை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். போன மாதம் ஒரு நாள் அவருக்கு முழங்கால் வலி. சாயங்காலம் அடுப்பு முன்னால் வந்து நின்றார், அரிசிப் பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அம்மிணி, இன்னைக்கு எனக்கு ஆக்க மனசில்ல. வா, டூட்டிக்குப் போயிட்டு வரலாம்."

நான் சேலையை மாற்றிக்கொண்டு கூடத்துக்கு வருவதற்குள் மாமா செருப்புப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.